மாதத்தைக் கேட்காதீர்கள், மணியைக் கேளுங்கள்

("விடுமுறையும் வானிலையும்" என்னும் தலைப்பில் நடந்த தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் கேள்வி சின்னக் கேள்விதான். தமிழ்நாட்டிலிருந்து நம் உறவினர்கள் விடுமுறைக்குக் கோலாலம்பூர் வர நினைக்கிறார்கள். எந்த மாதம் வரச் சொல்வது? "அங்கே இப்போ மழைக்காலமா? எப்போ வந்தா மழை இருக்காது?" என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது தொலைபேசியில் கேட்காத உறவினர் உண்டா? 2023 டிசம்பரில் இந்தியப் பயணிகள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்ற சலுகை வந்த பிறகு, இந்தக் கேள்வி இன்னும் அதிகமாகிவிட்டது.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழை இல்லாத மாதம் என்று கோலாலம்பூருக்கு ஒன்று கிடையாது. மழை இல்லாத நேரம் என்று ஒன்று உண்டு. அநேகமாக எல்லா நாளும் உண்டு. அந்த நேரத்தைத் தவறவிட்டுவிட்டு மாதத்தைக் குறை சொல்கிறோம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று பெருமை பேச மாட்டேன். என் அத்தை விஷயத்தில் ஒரு தவறு செய்துதான் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுகிறேன்.

பன்னிரண்டு நாள் காத்திருந்தோம்

என் அப்பாவின் தங்கை கிள்ளான் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே அம்மாவோடு பால்மரம் வெட்டப் போனவர். 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள் அல்லவா? அந்தக் கூட்டத்தில் அத்தையும் மாமாவும் 1970-இல் துறையூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். 41 ஆண்டுகள் கழித்து, 2011 நவம்பரில், பேரன் டிக்கெட் எடுத்துக் கொடுக்க, அத்தை ஒரே ஒரு முறை இங்கே வந்தார். பதினான்கு நாள் தங்கினார்.

இரட்டைக் கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. தான் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டார். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறிவிட்டது; கோயில் மட்டும் அப்படியே இருந்தது. நாங்கள் அப்போது பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தோம். காரில் போனால் ஒரு மணி நேரம். அதைக்கூட எங்களால் செய்ய முடியவில்லை.

நடந்தது இதுதான். நவம்பர் மாதம், ஐப்பசி கார்த்திகை, அடைமழைக் காலம். ஊர்ப் பழக்கத்தில் எல்லோருக்கும் அதுதான் மனத்தில். "மழை விடட்டும், ஒரு நல்ல நாளாகப் பார்த்துப் போகலாம்" என்று சொன்னோம். காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். அத்தை எழுந்து, குளித்து, சாமி கும்பிட்டு, பசியாறி முடிக்கும்போது பதினொரு மணி தாண்டிவிடும். வெளியே வெயில் கொளுத்தும். "இந்த வெயிலில் அத்தையை எங்கே அழைத்துப் போவது? வெயில் தாழக் கிளம்பலாம்" என்போம். மூன்று மணிக்குச் செருப்பை மாட்டும்போது மேற்கே இருட்டிக்கொண்டு வரும். நான்கு மணிக்கு இடி. ஆறு மணி வரை கொட்டும். "சரி, நாளைக்குப் பார்க்கலாம்." இப்படியே பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் துணிந்து கிளம்பினோம். அன்றும் பிற்பகல்தான். பாதி வழியில் சாலையில் முழங்கால் அளவுத் தண்ணீர். திரும்பி வந்துவிட்டோம். மறுநாள் விமானம்.

விமான நிலையத்தில் அத்தை யாரையும் கோபிக்கவில்லை. "பெரட்டுக்குக் கிளம்புற நேரத்துக்குக் கிளம்பியிருந்தா பார்த்துட்டே வந்திருக்கலாம்ல, தம்பி" என்று மட்டும் சொன்னார். 2013-இல் அத்தை காலமாகிவிட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த வானிலை அறிவு, இத்தனை ஆண்டு இந்த ஊரில் இருந்த எனக்கு இருக்கவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இங்கே இருந்தால் உங்களுக்கு உடனே புரியும். விடியுமுன்னே பெரட்டு. இருட்டோடு மரத்துக்குப் போக வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும். முற்பகலுக்குள் மங்குகளில் இருந்து பாலை எடுத்து வாளியில் சேர்த்து, நிறுவைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். பிற்பகல் மழை வந்தால் பால் தண்ணீரோடு போய்விடும். விடியற்காலையில் மரப்பட்டை ஈரமாக இருந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் இல்லை. இந்த நாட்டின் மழை எந்த மணிக்கு வரும் என்பதை வயிற்றுப்பாட்டுக்காகக் கற்றவர்கள் அவர்கள்.

சென்னையும் கோலாலம்பூரும்

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கிச் சொன்னால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சென்னையில் ஈரக் காலம், வறண்ட காலம் என்று இரண்டும் தெளிவாகப் பிரிந்திருக்கும். ஆண்டில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சொட்டுகூட விழாத வாரங்கள் உண்டு. பாங்காக்கும் அப்படித்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே வானம் தெளிவாக இருக்கும்.

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகைதான் வடக்கே. இங்கே ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர். அது பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கிடப்படுகிறது. கோலாலம்பூரில் மிகக் குறைவாக மழை பெய்யும் ஜூன், ஜூலையில்கூட மாதத்துக்கு 120, 130 மில்லிமீட்டர் பெய்துவிடும். அதிகமாகப் பெய்யும் ஏப்ரல், நவம்பரில் அதைப்போல இரண்டு மடங்கு. நன்றாகக் கவனியுங்கள், இரண்டு உச்சம். மார்ச் கடைசியிலிருந்து மே வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. பருவக்காற்று ஒரு திசையிலிருந்து மறுதிசைக்கு மாறும் இடைவெளிகள் இவை.

சில பயண நூல்கள் தென்கிழக்காசியாவுக்கே ஒரே கணக்காக "நவம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்த காலம்" என்று எழுதிவிடுகின்றன. பாங்காக்குக்கு அது சரி. அதை நம்பி நவம்பரில் கோலாலம்பூருக்கு டிக்கெட் எடுப்பவர், ஆண்டிலேயே மழை அதிகமான மாதத்தில் வந்து இறங்குவார்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. டிசம்பரில் "மலேசியாவில் வடகிழக்குப் பருவமழை, வெள்ளம்" என்று செய்தி வரும். ஊரில் இருப்பவர்கள் பயந்துபோய்ப் பயணத்தை ரத்து செய்வார்கள். அந்தக் காற்று நேராக மோதுவது கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளில். நடுவே தித்திவங்சா மலைத்தொடர் நிற்பதால் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அதன் முழு வேகம் வருவதில்லை. அதேபோல மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றைச் சுமத்ரா தீவின் மலைகள் தடுத்துவிடுகின்றன.

அப்படியானால் நம் மழை எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி உள்ளூர்ச் சரக்குதான். காலை வெயில் தரையைச் சூடாக்கும். மலாக்கா நீரிணையிலிருந்து ஈரக் காற்று உள்ளே வரும். ஈரமும் சூடும் சேர்ந்து மேலே ஏறி, மதியத்துக்குப் பிறகு மலைபோல மேகம் கட்டும். பருவக்காற்று மாறும் மாதங்களில் காற்று பலவீனமாக இருப்பதால் அந்த மேகம் நகராமல் நின்ற இடத்திலேயே கொட்டும். பெட்டாலிங் ஜெயாவில் கொட்டும்போது பிரிக்பீல்ட்ஸில் தூசி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொதுவாக ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இரவு எட்டு மணிக்குத் தெரு கழுவிவிட்டது போல இருக்கும்.

கடிகாரத்தில் ஒளிந்திருக்கும் கணக்கு

இப்போது அத்தையின் காலை நேரத்துக்கு வருகிறேன். ஊரில் அவர் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். சோம்பேறி அல்லர். ஆனால் அவருடைய ஐந்து மணி இங்கே ஏழரை. வந்த புதிதில் அவரே கேட்டார்: "நான் இருந்தப்போ ரெண்டு மணி நேரந்தானே வித்தியாசம், இப்ப எப்படி ரெண்டரை ஆச்சு?" அவர் சொன்னது சரி. 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் சபா, சரவாக் நேரத்தோடு சேர்வதற்காக அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது.

அதனால்தான் இங்கே விடியவே காலை ஏழு மணியாகிறது. பிப்ரவரியில் ஏழரையை ஒட்டிக்கூட ஆகிவிடும். சூரியன் உச்சிக்கு வருவது ஒன்றேகால் மணி வாக்கில். சென்னைக்காரர் உடம்புக் கணக்கில் ஏழு மணிக்கு எழுந்து, ஒன்பது மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினால், இங்கே பதினொன்றரை. உச்சி வெயிலுக்குள் நடக்கிறார். "வெயில் தாழட்டும்" என்று உட்கார்ந்தால் நேராக இடிமழைக்குள் போகிறார். ஊரில் பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து சரியாக இருந்த பழக்கம், இங்கே சரியாகத் தப்பாகிவிடுகிறது.

ஆகவே விருந்தினர் வந்தால் நான் சொல்லும் ஏற்பாடு இதுதான். வெளிவேலை எல்லாம் காலை ஏழிலிருந்து பதினொன்றுக்குள். பதினொன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாடும் ஓய்வும். இரண்டிலிருந்து ஆறு வரை கூரைக்குக் கீழே. ஏழு மணிக்கு மேல் மறுபடியும் வெளியே.

பத்துமலையை எடுத்துக்கொள்ளுங்கள். 272 படி. 2018-இல் வண்ணம் பூசிய பிறகு படம் எடுப்பதற்காகவே வருகிறார்கள். காலை ஏழரைக்கு முருகன் சிலையின் அடியில் நின்றால் படியெல்லாம் நிழலும் குளிர்ச்சியுமாக இருக்கும். குரங்குகள்கூட அரைத் தூக்கத்தில் இருக்கும். மதியம் ஒரு மணிக்கு அதே படி வயதானவர்களுக்குத் தண்டனை. நான்கு மணிக்கு வழுக்கும். இடி இடிக்கும்போது அந்தத் திறந்த படியில் நிற்பது ஆபத்தும்கூட; உலகில் இடி மின்னல் மிகுந்த இடங்களில் நம் பள்ளத்தாக்கும் ஒன்று. கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயில் நேராகப் பத்துமலைக்குப் போகிறது. ஒன்றை விட்டால் அடுத்தது வர நேரமாகும் என்பதால் அட்டவணையை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

திரும்பி வந்தால் பிரிக்பீல்ட்ஸ். பன்னிரண்டரைக்கு வாழை இலைச் சாப்பாடு. இந்த இடத்தில் விருந்தினருக்கு ஒரு கதை சொல்லலாம். 1881-இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தது. அத்தாப்புக் கூரையும் மரமுமாக இருந்த ஊர் அது. அடுத்து ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டுவதைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுங்கள் என்றார். அந்தச் செங்கல்லுக்குச் சூளைகள் போட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். பெயரே தீயும் மழையும் தந்ததுதான். பழைய கடைவீடுகளின் முன்னால் இருக்கும் அஞ்சடியும் வெயில், மழை இரண்டுக்கும் சேர்த்துச் செய்த ஏற்பாடு. 2010-இல் லிட்டில் இந்தியாவாகத் திறந்து வைக்கப்பட்ட துன் சம்பந்தன் சாலையில் மழை பிடித்துக்கொண்டால், அஞ்சடியில் ஒதுங்கி ஒரு தே தாரிக் குடிக்கும் நேரத்தில் பாதி ஓய்ந்துவிடும்.

பிற்பகலுக்குக் கூரைக்கடியில் எத்தனையோ இருக்கின்றன. இஸ்லாமியக் கலை அரும்பொருளகம், 1888-இல் ஈரச் சந்தையாகத் தொடங்கிய சென்ட்ரல் மார்க்கெட், கேஎல்சிசியின் மீன் காட்சியகம். புக்கிட் பிந்தாங்கிலிருந்து கேஎல்சிசி வரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் குளிர்சாதன வசதியோடு உயரமான நடைபாதை இருக்கிறது. மழை நாளில் அதைவிட நல்ல வழி இல்லை. இரட்டைக் கோபுரத்தின் மேலே ஏறுவதை மட்டும் பிற்பகலில் வைக்காதீர்கள். பணம் கட்டி ஏறி மேகத்துக்குள் நின்றுவிட்டு வருவீர்கள்.

மாதமே வேண்டாமா?

மாதத்தை அடியோடு மறந்துவிடச் சொல்லவில்லை. விடுமுறையை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, பள்ளிக்கூடம் தேர்ந்தெடுக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியும் மே மாதமும். கத்திரி வெயிலுக்குப் பயந்து இங்கே வருகிறார்கள். அது நம் முதல் மழை உச்சம். வரட்டும், காலைகள் நன்றாகவே இருக்கும். அரையாண்டுத் தேர்வு முடிந்து டிசம்பர் கடைசியில் வருபவர்களுக்கு மழை மெல்லக் குறையத் தொடங்கும் நேரம். தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரி சற்று வறண்ட காலம்.

தீபாவளிதான் தர்மசங்கடம். அது இரண்டாவது மழை உச்சத்தின் நடுவே வந்து உட்காருகிறது. ஆனால் பிரிக்பீல்ட்ஸையும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையையும் பார்க்க ஆண்டில் அதைவிட நல்ல நேரம் உண்டா? கூடாரம் கூடாரமாகக் கடை, முறுக்கு வாசம், பாட்டு, தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். மழைக்குப் பயந்து இதை விட்டுவிட்டு ஜூலையில் வரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழை ஓய்ந்த இரவு ஏழரை மணிக்கு அழைத்துப் போங்கள். துணிக் காலணி மட்டும் வேண்டாம்.

ஜூன், ஜூலை, ஆகஸ்டுதான் மழை குறைவு, அப்போது வரச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம், ஒரு எச்சரிக்கையோடு. அந்த வறட்சியில்தான் சுமத்ராவின் கரிமண் நிலங்கள் எரிகின்றன. தென்மேற்குக் காற்று புகையை நம் மேல் கொண்டுவந்து போடுகிறது. 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக் குறியீடு 500-ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். 2015-லும் 2019-லும் பள்ளிகளை மூட வேண்டி வந்தது. எல் நினோ ஆண்டு என்று செய்தியில் கேட்டால், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஆஸ்துமா உள்ள பெரியவர்களை வரச் சொல்வதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள். மழை நனைக்கும், காய்ந்துவிடும். புகை நெஞ்சில் தங்கும்.

வறட்சி முற்றினால் இன்னொரு சங்கடமும் உண்டு. 1998-லும் 2014-லும் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. வீடு நிறைய விருந்தாளி, குழாயில் தண்ணீர் இல்லை. அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

கோலாலம்பூரோடு ஒரு தீவையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு மட்டும் மாதம் மிக முக்கியம். டிசம்பர், ஜனவரியில் லங்காவி. ஜூன், ஜூலையில் தியோமான், ரெடாங். மாற்றிப் போட்டால் கிழக்குக் கரையில் படகே ஓடாது.

கிள்ளானுக்குப் போகுமுன் நாட்காட்டியைப் பாருங்கள்

கிள்ளானுக்கு வேறு கணக்கு. அங்கே வானத்தை மட்டும் பார்த்தால் போதாது, கடலையும் பார்க்க வேண்டும்.

போர்ட் கிள்ளானில் கடல் ஏற்றம் பெரியது. பெரிய ஏற்ற நாட்களில் நீர்மட்டம் 5 மீட்டரைத் தாண்டும். கிள்ளானின் பல பகுதிகள் தாழ்வானவை. கடல் ஏறி நிற்கும்போது ஆற்று நீர் வெளியே போக வழியில்லை. கால்வாய் மதகுகளை அடைத்துவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து மேலே கோலாலம்பூரிலும் ஷா ஆலமிலும் பெருமழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? தெருவுக்குத்தான் வரும். எங்கள் பதின்மூன்றாம் நாளில் நான் பார்த்ததும் இப்படிப்பட்ட தண்ணீராக இருக்கலாம்.

இதற்குச் செயலி எதுவும் தேவையில்லை. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமி, அதை அடுத்து வரும் இரண்டு மூன்று நாட்கள். இவைதான் கடல் அதிகம் ஏறும் நாட்கள். அந்த நாட்களில் கிள்ளானுக்குப் போகக் கூடாது என்பதில்லை. பிற்பகல் மழையும் ஏற்றமும் ஒரே நேரத்தில் வருமா என்று பார்த்துவிட்டு, காலையிலேயே போய்த் திரும்பிவிடுங்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து போர்ட் கிள்ளான் தடத்துக் கொமுட்டரில் ஏறினால், சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் ஊர் நடுவே இறக்கிவிடும். தெங்கு கிளானா சாலையில் பசியாறிவிட்டு, சுந்தரராஜப் பெருமாள் கோயிலைப் பார்க்கலாம். கேத்தாம் தீவுக்குப் படகு ஏறுவதானால் முதல் வேலையாக அதை முடித்துவிடுங்கள்.

கோல சிலாங்கூர் மின்மினிப் பூச்சிக்கும் இதே நாட்காட்டி உதவும். இருட்டு அதிகமானால் பூச்சி நன்றாகத் தெரியும் என்பதால் அமாவாசையை ஒட்டிய இரவு நல்லது. மழை பெய்துகொண்டிருந்தால் பார்க்க முடியாது. எட்டு மணிக்கு வானம் வெறிச்சென்று இருந்தால் கிளம்புங்கள்.

நேரக் கணக்கு பொய்க்கும் நாள்

நான் சொல்லும் நேரக் கணக்கு எல்லா நாளும் பலிக்காது. இரண்டு வகை நாட்கள் உண்டு.

ஒன்று, தென்மேற்குப் பருவத்தில் வரும் சுமத்ரா காற்று. விடியற்காலையில் நீரிணையைத் தாண்டி வரிசையாக மேகம் வரும். பலத்த காற்று, இடி, ஒரு மணி இரண்டு மணி நேர மழை. பிறகு பத்து மணிக்கு வானம் தெளிந்துவிடும். அன்றைக்கு நேரத்தை மாற்றிப் போட்டுக்கொண்டால் போதும். காலைக்குக் கூரை, பிற்பகலுக்கு வெளியே.

இரண்டாவது வகையோடு விளையாடக் கூடாது. 2021 டிசம்பர் 17, 18. வெள்ளியும் சனியும். வார இறுதி. ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நேராக நம் பக்கம் வந்துவிட்டது. கோலாலம்பூரில் ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரை மேல் ஏறி நின்று உதவிக்குக் காத்திருந்தார்கள். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களிலேயே அந்த இரவை அனுபவித்தவர்கள் இருப்பீர்கள். உங்கள் முன்னால் நான் அதை விவரிக்கத் தேவையில்லை.

அப்படிப்பட்ட மழைக்கு அடையாளம் வேறு. பிற்பகல் மழை ஆரவாரத்தோடு வரும், சீக்கிரம் போகும். இது காலையிலேயே இருட்டிக்கொண்டு, பெரிய இடியில்லாமல், அலுக்காமல், ஒரே சீராகப் பெய்துகொண்டே இருக்கும். மதியம் வரை விடவில்லை என்றால் அன்றைய பயணத்தை விட்டுவிடுங்கள். வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை எச்சரிக்கை தருகிறது. செம்மஞ்சள் வந்துவிட்டால் "டிக்கெட் வாங்கியாச்சே" என்று பார்க்காதீர்கள்.

2007-இல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் நகர நடுவை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது. வெள்ளம் வந்தால் கார் போகும் பகுதியை மூடிவிட்டு அதன் வழியாகவும் தண்ணீரைத் திருப்பிவிடுவார்கள். அதனால் அந்த நேரத்தில் அதை நம்பி விமான நிலையத்துக்குக் கிளம்ப முடியாது. விமான நாளன்று பிற்பகல் மழை நேரத்தைக் கணக்கில் சேர்த்து இரண்டு மணி நேரம் முன்னதாகவே புறப்படுங்கள், அல்லது ரயிலில் போங்கள். அத்தையை வழியனுப்பிய அன்று நாங்கள் அப்படித்தான் செய்தோம். போவதற்கு மட்டும் நேரத்தோடு கிளம்பிவிட்டோம்.

கடைசியாக ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். அத்தைக்கு அன்று டிக்கெட் எடுத்துக் கொடுத்த பேரன், என் அத்தானின் மகன், மனைவி பிள்ளைகளோடு ஏப்ரல் கடைசியில் வருகிறான். "மாமா, ஏப்ரல்ல அங்கே மழை ஜாஸ்தின்னு போட்டிருக்கான், மாத்திக்கட்டுமா?" என்று போன வாரம் கேட்டான். வேண்டாம், வா என்று சொல்லிவிட்டேன். வந்து இறங்கிய மறுநாளே காலை ஆறரைக்குக் கார் கிளம்புகிறது. ஏழேகாலுக்குக் கிள்ளானில் பசியாறல், எட்டு மணிக்குக் கோயில். பூசாரியிடம் பேசிவிட்டேன், அந்த நேரத்தில் நடை திறந்திருக்கும். "அவ்வளவு சீக்கிரமா மாமா? எங்க கணக்குல அது விடிகாலை நாலு மணியாச்சே" என்றான். பெரட்டுக்குக் கிளம்பும் நேரம் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

"பெரட்டுன்னா என்ன மாமா?" என்று கேட்டான்.

கோயிலில் வைத்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.